பொன்னியின் செல்வனில் பிறப்பும் பெருமையும்

இளமையிற் போற்றிப் படித்த நூலொன்றை நடுவயதில் மீண்டும் எடுத்துப் படித்தல், பிரிந்துபோன நண்பரைப் பல்லாண்டு கழித்துச் சந்தித்தலை ஒத்தது. முகமும் அதுவே, குரலும் அதுவே. ஆயின் அன்று நம் செவியில் உறைக்காத சில சொற்கள் இன்று உறைக்கின்றன. அச்சொற்கள் அன்றும் சொல்லப்பட்டவையே. கேட்கும் செவிதான் மாறியது.

அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்னும் நாவலை யான் முதன்முதற் படித்தபோது எனக்கு வயது பதினான்கு. றக்வானைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே, குப்பி விளக்கின் ஒளியில் அதனைப் படித்தேன். கட்டுத் தளர்ந்த ஐந்து பாகங்களும் வீட்டுக்கு வீடு கைமாறி வந்தவை. எழுத்தறியாத என் பாட்டியாரும் அயல்வீட்டாரும் கேட்டிருக்க உரத்துப் படிப்பேன். கொழுந்தெடுத்துக் களைத்து வந்த கைகளைக் கழுவிவிட்டு, ‘அந்த வாணர்குலத்துப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?’ என்று அவர்கள் வினவிய குரல் இன்றும் என் நினைவில் உண்டு. ஆதலின் இந்நூலைக் குறைகூற எழும் என் எழுதுகோல் தயங்கியே எழுகின்றது.

திரு. மணிரத்தினம் அவர்கள் இந்நாவலைத் திரைப்படமாக 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டபின், மாணாக்கர் பலர் மூலநூலைத் தேடிப் படிக்கலாயினர். மகிழ்ந்து, யானும் மீண்டும் படித்தேன். அக்காலை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு வினா விடுத்தாள்: “ஐயா, சேந்தன் அமுதன் நல்லவனாக இருந்தது அரசியின் வயிற்றிற் பிறந்ததனாலா?” அவ்வினாவுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியேயாகும்.

நூலும் அதன் செல்வாக்கும்

கல்கி என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 இல் தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்திற் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1941 இல் தம் பெயராலேயே வார இதழ் தொடங்கியவர். அவ்விதழில் 1950 இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் வெளிவந்ததே பொன்னியின் செல்வன். மணியம் என்னும் ஓவியர் அதற்குச் சித்திரம் வரைந்தார். 1954 டிசம்பரில் ஆசிரியர் மறைந்தார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்களாக விரிந்த இந்நாவலே தமிழில் மிகுதியாகப் படிக்கப்பெற்ற நாவல்களுள் முதன்மையானது எனலாம்.

கதை நிகழுங் காலம் பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. சுந்தர சோழர் நோயுற்றிருக்கிறார். மூத்த மைந்தன் ஆதித்த கரிகாலன் காஞ்சியிலும், இளையவன் அருள்மொழிவர்மன் இலங்கையிலும் உளர். பழுவேட்டரையர் முதலிய சிற்றரசர் மதுராந்தகனை அரியணையேற்றச் சூழ்ச்சி செய்கின்றனர். வந்தியத்தேவன் என்னும் வீரன் ஓலை கொண்டு செல்லும் வழியில் இச்சூழ்ச்சிகளையெல்லாம் காண்கிறான். இறுதியிற் கரிகாலன் கொலையுண்ண, அருள்மொழி தனக்குக் கிடைத்த முடியை மதுராந்தக உத்தம சோழனுக்கு விட்டுக் கொடுக்கிறான். முடியைத் துறத்தலே கதையின் சிகரம்.

பதவிக்காகப் போர் புரியும் கதைகள் மலிந்த உலகில், பதவியை விட்டுக்கொடுத்தலை ஐந்து பாகங்களின் முடிவாக வைத்த ஆசிரியரின் உள்ளம் உயர்ந்தது. காந்தியடிகள் நெறி நின்றவர்க்கே இவ்வமைப்புத் தோன்றும். இதனை முதலிற் கூறாது குறைகளைக் கூறுதல் நன்றியன்று.

உரைநடை

கல்கியின் உரைநடை தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. வடசொற் செறிவும் நீண்ட தொடர்களும் மலிந்திருந்த காலத்தில், கற்றாரும் மற்றாரும் ஒருங்கே படிக்கும் நடையை அவர் ஆக்கினார். லயத்திலிருந்த என் பாட்டியாருக்கு ஒரு சொல்லுக்கும் யான் பொருள் கூற நேர்ந்ததில்லை. இது சிறிய வெற்றியன்று.

எனினும், வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்யவேண்டிய கட்டாயம் அந்நடையிற் பதிந்துள்ளது. ஏறத்தாழ ஒவ்வோர் அத்தியாயத்தின் ஈற்றிலும் ஓர் அலறல், ஓர் உருவம், அல்லது ஒரு கை இருளிலிருந்து தோன்றும். அடுத்த அத்தியாயத்தில் அது பெரும்பாலும் அச்சப்படத் தக்கதன்று எனத் தெரியவரும். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் படித்தோர்க்கு இது சுவை; நூலாகத் தொடர்ந்து படிப்போர்க்குச் சலிப்பு. கதைநிகழ்ச்சிகளை நகர்த்த ஆசிரியர் பெரிதும் நம்பியிருப்பது ஒட்டுக்கேட்டலையே. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்து காண்கிறான். திருப்புறம்பயம் பள்ளிப்படையருகே சதிகாரர் பேச்சினை ஆழ்வார்க்கடியான் மறைந்து கேட்கிறான். தஞ்சை நிலவறையிலும் இதுவே நிகழ்கின்றது. சோழப் பேரரசின் இரகசியங்கள் அனைத்தும் யாரோ ஒருவர் செவியிற் படும்படியாகவே பேசப்படுகின்றன.

இன்னும் ஒன்று. இந்நாவலில் வரும் இளவரசி, ஓடக்காரப் பெண், முதன்மந்திரி, படைவீரன் ஆகியோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே மொழியைப் பேசுகின்றனர். ஒருவர் பேச்சினை மற்றொருவர் வாயில் வைத்தாலும் பெரிய வேறுபாடு தோன்றாது. கோடிக்கரைக் கடலோடிக்குத் தன் தொழிற்குரிய சொல் இல்லை. உழவனுக்கு வயற்சொல் இல்லை. தொழில் செய்வோரின் மொழி நூலினுள் நுழையாதபோது, அவர்தம் வாழ்வும் நுழைவதில்லை. இக்குறை நடையளவில் நின்றுவிடுவதன்று என்பதை மேலே காண்போம்.

குருதியே குணமா?

மாணவியின் வினாவுக்கு இனி வருவோம். சேந்தன் அமுதன் தஞ்சைத் தளிக்குளத்தார் ஆலயத்துக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கும் எளியவன். பேச்சும் செவியும் அற்ற வாணி அம்மையின் மகனாக வளர்ந்தவன், தேவாரம் பாடுபவன், பொருளாசையோ பதவியாசையோ இல்லாதவன். மறுபுறம் மதுராந்தகன் அரண்மனையில் வளர்ந்தும் அச்சமும் பேராசையும் நிறைந்தவனாகக் காட்டப்படுகிறான். இந்நிலையில் கதை முடிந்திருக்குமாயின், அரண்மனை வளர்ப்பினும் குடிசையின் பத்தி உயர்ந்தது என்னும் அறம் விளங்கியிருக்கும்.

ஆனால் ஆசிரியர் இறுதியில் முடிச்சொன்றை அவிழ்க்கிறார். அமுதனே செம்பியன் மாதேவியின் வயிற்றிற் பிறந்த உண்மையான மதுராந்தகன். அரண்மனையில் வளர்ந்தவனோ, மந்தாகினி என்னும் ஊமைப் பெண்ணின் மகன், நந்தினியின் உடன்பிறந்தவன். தந்தை பாண்டியனே என்பதையும் நூல் சுட்டுகின்றது. குழந்தைகள் மாற்றி வளர்க்கப்பட்டனர் என்பதே மறைபொருள். பதினான்கு வயதில் இவ்விடத்தைப் படித்தபோது யான் மகிழ்ச்சியாற் கண்ணீர் உகுத்தேன். பூக்காரப் பையன் அரசனானான் என்று லயமே மகிழ்ந்தது.

இன்று நோக்குமிடத்து, பூக்காரப் பையன் ஒருவனும் அரசனாகவில்லை. அரசன் மகனே அரசனானான். நற்குணமுடையவன் நற்குலத்தவன் எனத் தெளிவாயிற்று. குணக்கேடுடையோர் இருவரும், அஃதாவது கோழையான மதுராந்தகனும் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியும், கரையோரப் பெண்ணொருத்திக்கும் பகையரசனுக்கும் பிறந்தோர் எனத் தெளிவாயிற்று. வளர்ப்பு இருவரையும் மாற்றவில்லை. அரண்மனை ஒருவனை உயர்த்தவுமில்லை, குடிசை மற்றவனைத் தாழ்த்தவுமில்லை. குருதியே குணம் என்பதைக் கதையமைப்பே நிறுவிவிடுகின்றது. ஆசிரியர் இதனை ஓரிடத்தும் கொள்கையாக வாய்விட்டுரைக்கவில்லை. உரைத்திருப்பின் நாம் மறுத்திருப்போம். கதையாக வந்தமையின் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டோம்.

வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளினும் இதுவே நிலை. கையில் ஒரு குதிரையும் வேலும் மட்டுமே உடைய வறியவன் போலத் தோன்றும் அவனும் நாடிழந்த அரசகுலத்தவனே. பூங்குழலி என்னும் ஓடக்காரப் பெண்ணை ஆசிரியர் அன்புடன் படைத்துள்ளார் என்பதை மறுத்தலாகாது; துணிவும் தன்மானமும் உடைய அவளே இந்நூலில் என் உள்ளத்துக்கு மிக நெருங்கியவள். எனினும் இளவரசன்மீது அவள் கொள்ளும் காதல் எட்டாக் கனியாகவே வைக்கப்பட்டு, அமுதனை மணந்ததன் வழியாகவே அவள் அரண்மனை புகுகிறாள். மந்தாகினியும் உயர்ந்த உள்ளத்தவளே. ஆயின் அவளது உயர்வு, தன்னைக் கைவிட்ட மன்னனுக்காகத் தன்னுயிரை ஈவதிலேயே முடிகின்றது. அவளைக் கைவிட்டவன் குற்றத்தை நூல் மென்மையாகவே தொட்டுச் செல்கின்றது.

சோழர் காலத்துப் புலவர் இவ்வாறுதான் எழுதக்கூடும் என ஒருவர் கூறலாம். அது பொருந்தாது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சோழ அவையிலேயே அமைச்சராயிருந்த சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடினார். அதில் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவராகிய அதிபத்தர் நாயனாராகப் போற்றப்படுகிறார். திருநாளைப்போவாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் போற்றப்படுகின்றனர். அதிபத்தர் மறைவாக ஓர் அரசன் மகன் என்று சேக்கிழார் எங்கும் காட்டவில்லை. மீன்பிடிக்கும் வலையோடேயே அவர் சிவனருள் பெற்றார். அதே கடற்கரையைப் பின்புலமாகக் கொண்ட இருபதாம் நூற்றாண்டு நாவல், சேக்கிழார் எண்ணூறு ஆண்டுகட்கு முன் கடந்த எல்லையைக் கடக்கவில்லை என்பது வியப்பும் வருத்தமும் தருவது.

சதியும் விசுவாசமும்

ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தலையாய சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டாகும். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய அக்கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் நிலங்கள் பறிக்கப்பட்டமையைக் குறிக்கின்றது. அவருள் இரவிதாசனும் பரமேசுவரனும் ‘பிரமாதிராசன்’ என்னும் பட்டம் உடையோர். பிராமண அதிகாரிகட்கு அக்காலத்தில் வழங்கிய பட்டம் அது.

நாவலிலோ இரவிதாசன் காட்டில் உலவும் மந்திரவாதியாகவும், வீரபாண்டியனுக்குப் பழிவாங்க வந்த ஆபத்துதவியாகவும் தோன்றுகிறான். அரச அதிகாரியென்னும் நிலை முன்னிற்கவில்லை. நாவலாசிரியர்க்குப் புனையும் உரிமை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் புனைவு எத்திசையிற் சாய்கின்றது என்பதை நோக்குதல் வாசகர் கடமை. பட்டம் பெற்ற அதிகாரிகளிடமிருந்த கொலைப்பழி, ஆந்தைபோல் அலறும் பாண்டிய நாட்டு மந்திரவாதிகள்மீது பெயர்க்கப்படுகின்றது. மேலும் ஒன்று: தன் மன்னனுக்காக வேவு பார்க்கும் ஆழ்வார்க்கடியான் செய்வது தொண்டு, கொல்லப்பட்ட தன் மன்னனுக்காக வேவு பார்க்கும் இரவிதாசன் செய்வது சதி. இருவர் விசுவாசமும் ஒன்றே. எந்த அரண்மனைக்கு என்பதே வேறுபாடு.

காளாமுகர் என்னும் சைவப் பிரிவினரையும் இந்நூல் அச்சமூட்டும் கூட்டத்தினராகவே காட்டுகின்றது. சைவ மாணாக்கர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். கொடும்பாளூர் மூவர் கோயிற் கல்வெட்டு கூறும் செய்தி முற்றிலும் வேறானது. பூதி விக்கிரமகேசரி என்னும் தலைவன் மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவியார்க்குப் பெரிய மடமொன்றை அமைத்துக் கொடுத்து, துறவியர் ஐம்பதின்மர் உணவுக்காகப் பதினொரு ஊர்களை வழங்கினான் என்பது அச்செய்தி. அப்பூதி விக்கிரமகேசரியோ இந்நாவலிலேயே இலங்கைப் படைத்தலைவனாக வரும் கொடும்பாளூர் பெரிய வேளாரே! காளாமுகரைப் பேணிய தலைவன் நூலிற் பெருமையுடன் உலவ, அவனாற் பேணப்பட்ட துறவியர் பூச்சாண்டிகளாயினர்.

இங்ஙனமே, தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில் ஊர்களின் இறையிலி நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்படுகின்றன. ஐந்து பாகங்களிலும் அச்சேரிகளில் வாழ்ந்த ஒருவரும் பெயருடைய மாந்தராக வந்து நம் நெஞ்சில் நிற்கவில்லை. வீரநாராயண ஏரியின் அழகையும் அதன் கணவாய்களையும் காட்டிக் கதை தொடங்குகின்றது. அவ்வேரிக்கரையிற் குடிமக்கள் ஆடிப்பெருக்குக் கொண்டாடும் கூட்டமாகவே நிற்கின்றனர். பழுவேட்டரையர் பரிவாரம் வரும்போது ஒதுங்கி வழிவிட்டபின் அவர்களைப் பற்றிய பேச்சு இல்லை.

இலங்கையும் இந்நூலும்

இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி நம் நாட்டில் நிகழ்கின்றது. மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம் ஆகிய இடங்களைக் கல்கி அன்புடன் வருணிக்கின்றார். பௌத்த சமயத்தை அவர் ஓரிடத்தும் இழிக்கவில்லை. அருள்மொழி சிதைந்த விகாரங்களைப் பழுதுபார்க்கச் செய்கிறான்; குடிகளைத் துன்புறுத்தாது படைக்கு வேண்டும் உணவைத் தாய்நாட்டிலிருந்து வருவிக்கக் கருதுகிறான்; பிக்குமார் இலங்கை அரியணையை அவனுக்கு அளிக்க முன்வர, அதனையும் மறுக்கிறான்.

வரலாறு இத்துணை மென்மையானதன்று. 993 அளவில் இராசராசன் படை இலங்கையின் வடபகுதியைக் கைக்கொண்டது. 1017 இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் உரோகணத்திற் சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அங்கேயே 1029 இல் இறந்தான். விகாரைகளின் பொருட்கள் கவரப்பட்டன, தாது அறைகள் உடைக்கப்பட்டன எனச் சூளவம்சம் முறையிடுகின்றது. 1070 இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். சூளவம்சமும் ஒரு பக்கத்தார் எழுதிய நூலே. அதனையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் வழங்கினான் என்பதும் மெய். வெற்றியும் கொடையும் கொள்ளையும் கலந்ததே வரலாறு. கொள்ளையை நீக்கிக் கொடையை மட்டும் தருவது நாவல். கொடையை நீக்கிக் கொள்ளையை மட்டும் தருவது எதிர்ப்பக்கத்து மேடைப் பேச்சு.

றக்வானையில் வாழும் எமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. எமது ஊர் பண்டைய உரோகணத்தின் எல்லையுள் அடங்கியது. மகிந்தன் அடைக்கலம் புகுந்த நாட்டின் மலைச்சரிவிலேயே எம்முன்னோர் தேயிலையும் இறப்பரும் நட்டனர். எம் அயலவர் சிங்கள மக்கள். சந்தையும் பேருந்தும் மருத்துவமனையும் எமக்கும் அவர்க்கும் பொதுவானவை. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளில் சப்பிரகமுவத் தோட்டங்களில் நிகழ்ந்த கொடுமைகளை எம் பெற்றோர் மறக்கவில்லை. அந்நாட்களில் அடைக்கலம் தந்த சிங்கள அயலவரையும் மறக்கவில்லை. திரைப்படம் பார்த்த மாணவன் ஒருவன், ‘நாம் இத்தீவை ஆண்ட சோழர் பரம்பரை’ எனக் கரும்பலகையில் எழுதினான். அவன் தந்தையார் நாட்கூலிக்குப் பால் வெட்டுபவர். அப்பெருமை அவனுக்கு வேண்டியிருந்தது என்பதை யான் உணர்ந்தேன். ஆயினும் கொன்றவன் பெருமையைக் கடன்வாங்கி நிமிர்வோர், அக்கொலையின் பழியையும் சேர்த்தே வாங்குகின்றனர். சோழப் படை வந்த காலத்தில் எம்முன்னோர் எத்தகைய சேரியில் இருந்தனர் என்பதை எந்த மெய்க்கீர்த்தியும் கூறவில்லை. ஆண்டவர் அவர் அல்லர் என்பது மட்டும் தெளிவு.

மாதோட்டத்திலிருந்து இரு வழிகள்

கதையில் வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகிற் கடல் கடந்து, மாதோட்டம் சென்று, காட்டுவழியே தம்புள்ளையை அடைகிறான். காப்பித் தோட்டக் காலத்தில், அஃதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எம்மக்களுட் பல்லாயிரவர் நடந்த வழியும் ஏறத்தாழ இதுவே. இராமநாதபுரக் கரையோரத்தில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கி அவர்கள் நடந்தனர். பசியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். பின்னர்த் தூத்துக்குடி வழியும், 1914 இன் பின் தலைமன்னார் இரயில் வழியும் வந்தன.

தம்புள்ளைக் காட்டில் வந்தியத்தேவன் நடந்த நடையை என் மாணாக்கர் வளைவு வளைவாகச் சொல்வர். தம் பூட்டனார் நடந்த நடையை ஒருவரேனும் சொல்ல அறியார். இந்த ஒப்பீட்டில் கல்கியின் குற்றம் ஒன்றுமில்லை. அவர் சோழர் கதை எழுதினார். எம்முடைய கதையை எழுதியோர் இல்லாமலும் இல்லை. அதே 1950 களில் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பாடினார். 1964 இல் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ வெளிவந்தது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’, தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ ஆகியவை பின்வந்தன. பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நாவலைச் சமுதாயத்தோடு பொருத்தி ஆராயும் முறையைக் காட்டிற்று. அவ்வெழுத்துகள் லயத்துக் கைகளில் மாறி மாறிச் செல்லவில்லை என்பதே குறை.

பிறப்பைப் பற்றிய வினா எமக்கு ஏன் இத்துணைக் கூர்மையானது என்பதையும் கூறுதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடிமகனாதற்குத் தம் தந்தை இங்குப் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தோர் என்றோ நிறுவவேண்டியிருந்தது. பிறப்பைப் பதிந்து சான்று வைத்திராத தோட்ட மக்கள் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. ‘நீ செய்த வேலை யாது?’ என்று எவரும் வினவவில்லை; ‘நீ யாருக்குப் பிறந்தாய்?’ என்றே வினவினர். குருதியைக் கொண்டு மனிதனை அளந்தமையால் அரைநூற்றாண்டு துன்புற்ற மக்கள், அதே அளவுகோலைக் கதையிற் கண்டு கண்ணீர் மல்கிக் களித்தோம். என் ஏமாற்றம் நாவலின்மீது மட்டுமன்று. அன்றைய என்மீதும் ஆகும்.

முடிவுரை

ஆகவே இந்நூலை ஒதுக்கிவிடல் வேண்டுமா? வேண்டியதில்லை. தமிழ் வாசிக்கும் பழக்கத்தை எமக்குத் தந்த நூலை ஒதுக்குதல், ஏறிய ஏணியை எரித்தலாகும். முடியினும் துறவு பெரிது என்னும் அதன் உயிர்நிலை என்றும் போற்றத்தக்கது. ஆயின் நேசிக்கும் நூலிடம் வினாக் கேட்கும் பழக்கத்தை மாணாக்கர் பெறுதல் வேண்டும். யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை? யாருடைய விசுவாசம் தொண்டு, யாருடையது சதி? நல்லவன் எதனால் நல்லவன் எனக் கதை காட்டுகின்றது? இம்மூன்று வினாக்களையும் எந்த நாவலிடத்தும் கேட்கலாம்; நம் விருப்பத்துக்குரிய நாவலிடத்து முதலிற் கேட்டல் வேண்டும்.

மாணவியின் வினாவுக்கு ஒரு வாரம் கழித்து விடை கூறினேன். “சேந்தன் அமுதன் நல்லவனாயிருந்தது வாணி அம்மை வளர்த்ததனால். கதை அப்படிச் சொல்லவில்லை, ஆனால் கதையிலேயே அதற்குச் சான்று உண்டு” என்றேன். அவள் சிறிது நேரம் எண்ணியபின், “அப்படியானால் வாணி அம்மையைப் பற்றிக் கதையில் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?” என்றாள்.

இப்போது எம் பாடசாலை நூலகத்தில் பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களுக்கு அருகே ஆறாவதாக ஓர் அப்பியாசக் கொப்பி உண்டு. தத்தம் பாட்டனார் பாட்டிமாரிடம் கேட்டறிந்த செய்திகளை மாணாக்கர் அதில் எழுதி வருகின்றனர்: எந்த ஊரிலிருந்து வந்தனர், எவ்வழியாக வந்தனர், வழியில் யாரை இழந்தனர் என்பன அவை. நடை செம்மையானதன்று, எழுத்துப் பிழைகளும் உண்டு. முதற் பக்கத்தை எழுதியவள் அம்மாணவியே. கரும்பலகையில் எழுதிய மாணவனும் சென்ற மாதம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான்.